நெட்டைக்காலி ஏன் காலை இழுக்கிறது

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே ஒரு நாய் காலுறையை விழுங்கிவிட்டு வந்தது. விழுங்கியது நாய், திட்டு வாங்கியது வீட்டுக்காரர். "நீங்கதான் கட்டிலுக்கு அடியில கழட்டிப் போடறீங்க" என்று அந்த அம்மா ஆரம்பிக்க, மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் ஊசியோடு நான். வாந்தி எடுக்க வைத்ததில் இரண்டு காலுறை வந்தது. இரண்டும் வேறு வேறு ஜோடி.

மாலையில் 'ஈரநிலம்' வீடியோ கேமில் வரும் குமிழ்வயிறன் என்ற மிருகம் பற்றிய குறிப்பை முடித்தேன். வயிற்றில் உள்ள வாயுவால் அது மிதக்கிறது என்று கேமில் காட்டுகிறார்கள். மிதக்கட்டும். ஆனால் வெயில் ஏறினால் வாயு விரியுமே, மதியத்துக்குள் வெடித்துவிடாதா? முதுகில் ஒரு வால்வு வைத்துக் கொடுத்தேன். காலையில் மூடியிருக்கும், உச்சி வேளையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். மதியத்தில் மட்டும் அது விசிலடிப்பது அதனால்தான். எழுதி முடித்ததும் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

என்னைக் கட்டிக்கொண்ட இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நாள் முழுக்க இருக்கற மிருகத்துக்கு வைத்தியம். சாயந்திரம் ஆனா இல்லாத மிருகத்துக்கு வைத்தியம். நடுவுல ஒரு மனுஷன் இருக்கேன்" என்றார். 'ஈரநிலம்' கேமை எனக்குக் காட்டியதே இந்த மனுஷன்தான். ஆறு வருடம் முன்பு முதல் பாகத்தை வாங்கி வந்து, "சும்மா பாரேன், சதுப்பு நிலத்துல விதவிதமா மிருகம் வருது" என்றார். அன்று தொட்டு அவர் விளையாடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இதுக்கு நுரையீரல் எங்கே, அது எத்தனை முட்டை போடும் என்று உயிரை வாங்குவேன். பிறகு அதையே ரசிகர்களின் இணையதளத்தில் எழுத ஆரம்பித்தேன். அங்கே எனக்குப் பெயர் 'எலும்பு டாக்டர்'.

மூன்றாம் பாகம் வெள்ளிக்கிழமை வந்தது. அதில் வரும் நெட்டைக்காலி என்ற மிருகத்தின் நடை மாறியிருக்கிறது. வலது காலை இழுக்கிறது. ஏன்?

மார்ச் 5, வியாழன்

வேலை. மழை. நெட்டைக்காலி மண்டையை விட்டுப் போகவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மூன்று பாகங்களையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். நெட்டைக்காலி மூன்று ஆள் உயரம். கொக்கின் கால், மனிதனின் தோள், முழங்காலைத் தொடும் கைகள். எல்லாப் பாகத்திலும் ஒரு தடவையாவது கரையோரமாக நடந்து போகும். இவர் காட்சியை நிறுத்தி நிறுத்திக் கொடுத்தார். நான் பாகைமானியை டி.வி. மீது வைத்து அளந்தேன்.

முதல் பாகம்: இரண்டு பாதமும் ஒரே அளவு தூக்குகிறது. மூன்று அடி வைத்தே திரும்பிவிடுகிறது.

இரண்டாம் பாகம்: வலது பாதம் ஒரு நொடிப்பொழுது தாமதம். தரையில் 'பட்' என்று அறைந்து இறங்குகிறது.

மூன்றாம் பாகம்: வலது கால் விரல் தூக்குவதே இல்லை. சேற்றில் கோடு கிழித்துக்கொண்டு போகிறது. கால்கள் அகன்றிருக்கின்றன. திரும்ப ஏழு அடி எடுத்து வைக்கிறது. இடது கையின் கடைசி இரண்டு விரல் மடங்கியே இருக்கின்றன.

ஆறு வருடமாக யாரோ உட்கார்ந்து இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள்! உடம்பு சிலிர்த்தது.

மார்ச் 11, புதன்

கட்டுரையைப் போட்டுவிட்டேன். ஒன்பது பக்கம். "நெட்டைக்காலி ஏன் காலை இழுக்கிறது?"

என் வாதம் இது. முதல் பாகத்தில் நாம் பார்த்தது இளசு, மூன்றாம் பாகத்தில் முதிர்ந்தது. வயது ஏற ஏற அது ஓடிப் பிடிக்கும் வேட்டையை விட்டுவிடுகிறது. ஒரு காலால் சேற்றைக் கீறிக்கொண்டே போகிறது. கீறிய இடத்தில் புழுக்கள் மேலே வரும். பின்னால் வரும் குஞ்சுகள் அதைத் தின்று வளரும். மடங்கிய இரண்டு விரலும் குஞ்சு பிடித்துக்கொள்ளும் கொக்கி. கடைசி வரியை நானே நாலு தடவை படித்தேன்: "இது குறையல்ல, உத்தி. இத்தனை அழகான இழுப்பை நான் எந்த உயிரிலும் கண்டதில்லை."

மார்ச் 12, வியாழன்

நாலாயிரம் பேர் படித்திருக்கிறார்கள். ஒருவர் அழுதுவிட்டாராம். பூனைக்கு வயிறு கழுவிக்கொண்டிருக்கும்போதும் இளித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14, சனி

கேமை எடுக்கும் ஸ்டூடியோவிலிருந்து கடிதம்! இயக்குநரே எழுதியிருக்கிறார். நாலாம் பாகத்துக்கு மிருகங்களைப் பற்றி ஆலோசனை சொல்ல வர முடியுமா என்று. வியாழக்கிழமை போகிறேன். எந்தப் புடவை?

மார்ச் 19, வியாழன்

எழுத வரவில்லை. முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஸ்டூடியோ ஒரு பெரிய கூடம். தரை முழுக்கச் சாம்பல் நிற விரிப்பு, சுவரைச் சுற்றிக் கேமராக்கள். இயக்குநர் வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். நாற்பது வயது இருக்கும், பேச்சு ரயில் வேகம். நான் உட்கார்ந்ததுமே கேட்டேன், "கால் இழுக்கறத முதல் பாகத்துலயே திட்டம் போட்டீங்களா சார்? இல்ல ரெண்டாவதுலயா?"

அவர் சிரித்தார். "நாங்க எதையும் யோசிக்கல மேடம். நீங்க எழுதினதப் படிச்சுதான் எங்களுக்கே தெரியும். அவர் நடக்கறார், நாங்க எடுத்துக்கறோம்."

அவர்?

"நெட்டை! இங்க வாங்க, உங்க டாக்டர் வந்திருக்காங்க."

கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். உயரமான மனிதர், நாற்பத்தைந்து வயது இருக்கலாம். உடம்பை ஒட்டிய கறுப்பு உடை, மூட்டுக்கு மூட்டு வெள்ளை உருண்டை ஒட்டியிருந்தது. அந்த உருண்டைகளின் அசைவைக் கேமரா பிடிக்கும். அதை அப்படியே மிருகத்துக்கு ஏற்றுவார்கள். மூன்று பாகத்திலும் நெட்டைக்காலியாக நடந்தவர் இவர் ஒருவர்தான்.

அவர் நடிக்கவில்லை. சும்மா என்னைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். வலது பாதம் விரிப்பில் உரசிக்கொண்டே வந்தது. கால்கள் அகன்று. என் நாற்காலியைச் சுற்றி வரச் சின்னச் சின்னதாக அடி வைத்தார். நான் எண்ணினேன். ஏழு.

கை கொடுத்தார். பக்கத்தில் தொங்கிய இடது கையில் இரண்டு விரல் விரியவில்லை.

"ஆறு வருஷமா அதுவா நடந்து நடந்து, அது என் கால்லயே ஏறிடுச்சு மேடம்," என்று சிரித்தார். இயக்குநரும் சிரித்தார். "அதுதான் ஈடுபாடு! வீட்லயும் இப்படித்தான் நடக்கறாராம்."

நானும் சிரித்தேன். சிரிச்சேன்! வேற என்ன பண்றதுன்னு தெரியல.

கிளம்பும்போது நெட்டை செருப்பு அலமாரியிலிருந்து ஷூவை எடுத்தார். வலது ஷூவின் நுனி தேய்ந்து உள்துணி தெரிந்தது. இடது ஷூ புதிது போல இருந்தது.

மார்ச் 20, வெள்ளி

பெரிய ஜாதி நாய்களுக்கு ஒரு நோய் வரும். கழுத்து எலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு நசுங்கும். முதலில் பின்னங்கால் தள்ளாடும், பாதம் இழுபடும். வீட்டுக்காரர்கள் வயசாகிவிட்டது என்பார்கள். நாம் நகத்தைப் பார்க்க வேண்டும். இழுபடும் காலில் நகம் நுனியில் தேய்ந்திருக்கும்.

நகத்துக்குப் பதில் ஷூ. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் மனிதர்களுக்கு டாக்டர் இல்லை. தப்பாக இருக்கலாம். முழங்கால் வலியாக இருக்கலாம். ஒரு தடவைதானே பார்த்தேன்?

இல்லை. மூன்று தடவை பார்த்திருக்கிறேன். ஆறு வருடம் பார்த்திருக்கிறேன். பாகைமானி வைத்து அளந்திருக்கிறேன். ஒரு மனுஷனுக்கு நரம்பு செத்துட்டு வர்றத ஒக்காந்து அளந்து, அழகு அழகுன்னு ஒன்பது பக்கம் எழுதியிருக்கேன். குஞ்சு பிடிச்சுக்கற கொக்கியாம்!

இவரிடம் சொன்னேன். "தப்பா இருந்தா அசிங்கம். சரியா இருந்து சொல்லாம விட்டா?" என்றார்.

மார்ச் 21, சனி

ஸ்டூடியோவில் அனிமேட்டர் பெண் ஒருத்தி இருக்கிறாள். எடுத்த அசைவை மிருகத்தின் உடம்பில் பொருத்துவது அவள் வேலை. அவளுக்குப் போன் செய்து, கட்டுரைக்குத் தேவை என்று பொய் சொல்லி, பழைய பதிவுகளைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினாள்.

"மேடம், நீங்க கேம்ல பார்த்தது அசல் இல்ல. ரெண்டாவது பாகத்துல அவர் கால நாங்கதான் சரி பண்ணோம்."

"சரி பண்றதுன்னா?"

"தரையில இடிக்கும். ஒவ்வொரு காட்சியா பாதத்த தூக்கி வெப்போம். மூணாவதுல ரொம்ப அதிகமாயிடுச்சு, வேலை முடியல. இயக்குநர்தான், விடு, பார்க்க நல்லாத்தான் இருக்குன்னார். அப்பகூட பாதிதான் விட்டிருக்கோம்."

பாதி!

இரண்டு பாகமாக ஒருத்தி அந்தக் காலைத் திரையில் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறாள். அந்தக் காலுக்கு உரியவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளைச் சொல்லி என்ன? அவளுக்கு அது வேலை. எனக்கு அது கட்டுரை.

விஷயத்தைச் சொன்னேன். மெதுவாக, "வெள்ளிக்கிழமை அவருக்கு கயிறு ஷாட் இருக்கு மேடம்" என்றாள். நெட்டைக்காலி அடிபட்டு விழும் காட்சி. பதினைந்து அடி உயரத்திலிருந்து கயிற்றில் விட்டு, பாதியில் வெடுக்கென்று நிறுத்துவார்களாம். தலை பின்னால் சாய வேண்டும். நாலைந்து தடவை எடுப்பார்களாம்.

மார்ச் 23, திங்கள்

போனேன். சொன்னேன். எல்லாம் சொதப்பல்.

இயக்குநர் முதலில் வேடிக்கை என்று நினைத்தார். பிறகு முகம் கறுத்தது. "மேடம், கோவிச்சுக்காதீங்க. நீங்க மிருக டாக்டர்."

நெட்டை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இருபது வருடம் சினிமாவில் சண்டைக் காட்சிகளில் மாடியிலிருந்தும் காரிலிருந்தும் குதித்த ஆள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் கேட்டார்: "அப்ப நான் மாட்டு டாக்டர்கிட்ட காட்டற நிலைமைக்கு வந்துட்டேன், அப்படித்தானே?"

நான் பதற்றத்தில், "மாடு இல்ல சார், நாய்" என்றேன்.

ஐயோ. ஐயோ ஐயோ. என் வாயை ஊசி நூலால் தைக்க வேண்டும். பெரிய ஜாதி நாய்க்கு வரும் நோய் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் எழுந்துவிட்டார். எழுந்திருக்கும்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார். அதில்தான் கோபம் அதிகம்.

"என் பொழப்பு இந்த காலு. இதப் போய் நோயின்னு நாலு பேருக்கு முன்னாடி சொல்றீங்களே, உங்களுக்கு நல்லா இருக்கா?"

வெளியே போனார். உரசும் சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

மார்ச் 24, செவ்வாய்

அரை நாள் விடுப்பு. அனிமேட்டர் பெண் முகவரி கொடுத்தாள். நெட்டையின் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை செய்கிறார். ஆறு மிஷின், ஒரே நீல நிறத் துணி, கூரையில் மின்விசிறி. துணி வெட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்து, "நாய் டாக்டரா?" என்றார். வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது.

திட்டு வாங்கத் தயாராக நின்றேன். திட்டவில்லை. என்ன கேட்பது என்று தெரியாமல், "வீட்ல ஏதாவது மாறியிருக்கா?" என்றேன்.

"நடைதான். அது வேலையால. வேற ஒண்ணும் இல்ல."

"கையால எதையாவது கீழ போடறாரா?"

"டம்ளர் போடுவார். எல்லாரும் போடறதுதானே."

"எழுதறது, பூட்டு திறக்கறது, பட்டன்..."

கத்தரிக்கோல் நின்றது.

"பட்டன் நான்தான் போட்டு விடறேன்," என்றார். "ரெண்டு வருஷமா. காலையில குளிச்சுட்டு சட்டைய மாட்டிட்டு என் முன்னால வந்து நிப்பார். ஒண்ணும் சொல்ல மாட்டார். நான் போட்டு விடுவேன். கல்யாணமான புதுசுல கூட இப்படி இல்லையே, வயசான காலத்துல பாசம் வந்திருக்குன்னு..." சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அவரால போட முடியலையா டாக்டர்? முடியாமத்தான் வந்து நிக்கறாரா?"

தலையசைத்தேன்.

வெட்டிய துணியை மடித்து வைத்தார். முதலாளியிடம் ஏதோ சொன்னார். கைப்பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படி இறங்கினார்.

மார்ச் 25, புதன்

மாலை ஐந்து மணிக்குப் போன். அவர் மனைவி.

காலையில் அவர் வழக்கம்போல முன்னால் வந்து நின்றிருக்கிறார். மனைவி கையைக் கட்டிக்கொண்டு, "இன்னிக்கு நீங்களே போடுங்க" என்று சொல்லியிருக்கிறார். ஒரு பட்டனுக்கே கால் மணி நேரம். அதுவும் பக்கத்து ஓட்டைக்குள். பிறகு இருவரும் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். பிறகு ஆஸ்பத்திரி.

நரம்பு டாக்டர் முழங்காலில் சுத்தியலால் தட்டியதும் கால் துள்ளி அவர் மேசையையே உதைத்ததாம். பாதத்தை மேல்நோக்கித் தள்ளிப் பிடித்தால் நிற்காமல் அடித்துக்கொண்டதாம். நாளைக்கு ஸ்கேன்.

"எத்தனை வருஷமா இப்படின்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. உங்ககிட்ட இருக்காமே?"

இருக்கிறது. என் அளவுகளை எல்லாம் அனுப்பினேன். முதல் பாகம், இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம். ஒரு மிருகத்தின் பெயர் போட்ட தாள் மனிதனின் மருத்துவக் கோப்புக்குள் போகிறது. பெயரை அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

மார்ச் 26, வியாழன்

கழுத்தில் மூன்று இடத்தில் தண்டு நசுங்கியிருக்கிறது. ஓரிடத்தில் நூல் மாதிரி ஆகிவிட்டது.

நரம்பு டாக்டர் கேட்டாராம், சமீபத்தில் விழுந்தீர்களா என்று. இல்லை, நாளைக்குத்தான் விழ வேண்டும் என்று நெட்டை சொன்னாராம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். ஒரு குலுக்கல் போதும், கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது.

இதை எழுதும்போது தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போகிறார்கள். எல்லாம் அது பாட்டுக்கு நடக்கிறது.

மார்ச் 27, வெள்ளி

இன்றைக்குக் கயிறு ஷாட் நடந்திருக்க வேண்டிய நாள். பதினொரு மணிக்கு இருந்ததாம். பதினொரு மணிக்கு நான் ஒரு முயலுக்குப் பல் வெட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

இயக்குநர் போன் செய்தார். ரயில் வேகம் எங்கே போனதோ, வார்த்தை தேடித் தேடிப் பேசினார். "நான் அதப் பார்த்து ரசிச்சேன் மேடம். விடு நல்லா இருக்குன்னு நான்தான் சொன்னேன்."

"நானும்தான் சார்," என்றேன்.

ஏப்ரல் 2, வியாழன்

அறுவை சிகிச்சை. ஐந்து மணி நேரம். இருப்பதைக் காப்பாற்றியிருக்கிறோம், போனது எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்களாம்.

ஏப்ரல் 4, சனி

கட்டுரையை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இரண்டு வரி போட்டேன்: "நான் எழுதியது தவறு. நெட்டைக்காலியின் இழுப்பு உத்தி அல்ல, கழுத்துத் தண்டில் வந்த நோய்." அவரைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அது எனக்குச் சொந்தமான விஷயமில்லை.

மாலைக்குள் முந்நூறு பேர் திட்டியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியது: "உத்தின்னே வெச்சுக்கலாமே டாக்டர். அதுதான் நல்லா இருந்துச்சு."

ஏப்ரல் 19, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் கழுத்தில் பட்டை. முகம் மெலிந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அதாவது திரும்ப முயன்றார், பட்டை விடவில்லை. வேறு வழியில்லாமல் என்னையே பார்த்தார்.

"நாய்க்கு இந்த ஆபரேஷன் பண்ணா எத்தனை நாள்ல நடக்கும்?"

"ஆறு வாரம் ஆகும் சார்."

"எல்லா நாயுமா?"

பொய் சொல்ல வாய் வந்தது. "எல்லாம் இல்ல," என்றேன்.

தலையசைக்க முடியாததால் கண்ணை மூடித் திறந்தார். நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. எழுந்து வரும்போது, "அந்தப் பொண்ணு வந்துச்சு," என்றார். அனிமேட்டர். "ரொம்ப நேரம் அழுதுச்சு. நான்தான் சமாதானம் பண்ண வேண்டியதாப் போச்சு. எனக்கு சமாதானம் பண்ண யாரு இருக்கா, சொல்லுங்க?"

மனைவி பின்னாலிருந்து, "ஏன், நான் என்ன பொம்மையா?" என்றார்.

ஜூன் 11, வியாழன்

அவர் மனைவியிடமிருந்து: வலது பாதம் தூக்குகிறதாம், கொஞ்சம். விரல் அப்படியேதான்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

இருவரும் மதியம் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் நாலு படி. இவர் கை கொடுக்கப் போனார், நான் கண்ணைக் காட்டித் தடுத்தேன். கம்பியைப் பிடித்து அவரே ஏறினார். கால் இன்னும் அகன்றுதான் வைக்கிறார். ஆனால் உரசும் சத்தம் இல்லை. ஸ்டூடியோவில் உட்கார்ந்த வேலை கொடுத்திருக்கிறார்கள், புதிதாக வருபவர்களுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கிறாராம். "கத்தி கத்தி தொண்டைதான் போகுது" என்றார்.

சாப்பிட்ட பிறகு இவர் ஏதோ ஞாபகத்தில் டி.வி.யைப் போட்டுவிட்டார். பாதியில் நிறுத்தி வைத்த கேம். மூன்றாம் பாகம், கரையோரம். நான் ரிமோட்டைத் தேடுவதற்குள் நாணலை விலக்கிக்கொண்டு நெட்டைக்காலி வந்துவிட்டது.

"இவர் ஒரு தடவை கூட பார்த்ததில்ல," என்றார் அவர் மனைவி. "கேம் பார்த்தா தலை சுத்துதும்பார்."

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்தார். திரையில் அது சேற்றில் கோடு கிழித்துக்கொண்டு போனது. திரும்பியது. ஏழு அடி.

"இது நானா?"

அவர் திரையை நோக்கி இன்னும் சாய்ந்தார்.

"இவ்வளவு மோசமாவா இருந்துச்சு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, எங்களிடம் இல்லை, திரையிடம் சொல்வது போல: "பாவம் அது. யாருமே அதுகிட்ட சொல்லலியா?"

இவர் நிறுத்தப் போனார். "வேணாம், ஓடட்டும்" என்றார் அவர்.

அது கரையேறும் வரைக்கும் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.